விமானத்தைச் சோதிக்கும் அதிகாரி: நம் பிள்ளைகளும் ஆகலாம்



நம் ஊரில் சபுராளி இல்லாத வீடு குறைவு. பிள்ளையை விமானம் ஏற்றிவிட்டு, போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை துஆ செய்துகொண்டிருப்பது நம் தாய்மார்களின் வழக்கம். 2010 மே 22 அன்று மங்களூரில் 158 பேரும், 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் 21 பேரும் விமான விபத்துகளில் உயிரிழந்தார்கள். இரண்டு விமானங்களும் துபாயிலிருந்து வந்தவை. எனவே விமானப் பாதுகாப்பு நமக்கு வீட்டு விஷயம்.

இந்தப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அரசுத் துறை டி.ஜி.சி.ஏ. எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து தலைமை இயக்குநரகம். தலைமையகம் டெல்லியில் உள்ளது. சென்னையிலும் அலுவலகம் உண்டு. இதன் அதிகாரிகள் பல பிரிவினர். விமானத்தின் பறக்கும் தகுதியைச் சோதிப்பவர்கள் பொறியியல் பின்னணி உடையவர்கள். விமானிகளின் திறனையும் பயிற்சியையும் சோதிப்பவர்கள் அனுபவமுள்ள விமானிகள். விமான நிலையங்களைச் சோதிக்கத் தனிப்பிரிவு இருக்கிறது.

பறக்கும் தகுதியைச் சோதிக்கும் அதிகாரி என்ன செய்கிறார்? முன்னறிவிப்பின்றி விமானத்தின் அருகே வந்து டயர், எண்ணெய்க் கசிவு, தீயணைப்புக் கருவி, அவசரக் கதவு ஆகியவற்றைப் பார்க்கிறார். பிறகு பதிவேடுகளைப் புரட்டுகிறார். மாற்றியதாக எழுதிய பாகம் உண்மையில் மாற்றப்பட்டதா, கையெழுத்திட்டவருக்கு உரிமம் இருந்ததா என்று ஒப்பிடுகிறார். குறை பெரிதானால் விமானம் பறக்கக் கூடாது என்று நிறுத்த வேண்டியது அவர் பொறுப்பு. ஒரு மணி நேரத் தாமதமும் நிறுவனத்துக்கு நஷ்டம் என்பதால் நெருக்கடி வரும். அப்போதும் வளையாமல் நிற்பதுதான் அந்த வேலை.

இது நமக்குப் புதிய கருத்தல்ல. அக்கால இஸ்லாமிய நகரங்களில் சந்தையின் எடையையும் அளவையும் சோதிக்க முஹ்தஸிப் என்ற அதிகாரி இருந்தார். முகம் தெரியாத பயணிகளின் உயிர் ஓர் அமானிதம். அதைப் பேணுவது ஹலாலான சம்பாத்தியம் மட்டுமல்ல, நன்மையும்கூட.

ஆட்கள் தேவையும் இருக்கிறது. போதிய அதிகாரிகள் இல்லாதது உள்ளிட்ட குறைகளைக் காட்டி, 2014 ஜனவரியில் அமெரிக்கா இந்தியாவின் பாதுகாப்புத் தரவரிசையைக் குறைத்தது. 2015 ஏப்ரலில்தான் அது திரும்பக் கிடைத்தது.

வழி இதுதான். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்திருக்க வேண்டும். அதன்பின் ஏரோநாட்டிக்கல், மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ் போன்ற பொறியியல் பட்டம் பெறலாம்; அல்லது ஏ.எம்.இ. எனப்படும் விமானப் பராமரிப்புப் பயிற்சியில் சேரலாம். பிறகு துறையில் சில ஆண்டு அனுபவம் தேவை. நிரந்தர அதிகாரிப் பணியிடங்களுக்கு யு.பி.எஸ்.சி. விளம்பரம் செய்து ஆள் எடுக்கிறது. ஒவ்வொரு பணிக்கும் கேட்கும் தகுதியை அந்த விளம்பரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று விஷயங்களில் கவனம் தேவை.

ஒன்று: ஏ.எம்.இ. பயிற்சி நிலையத்துக்கு டி.ஜி.சி.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா என்று அதன் இணையதளத்தில் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். நிலையம் தரும் சான்றிதழ் உரிமம் ஆகாது. டி.ஜி.சி.ஏ. நடத்தும் தேர்வுகளில் தேறி, நேரடி வேலை அனுபவமும் பெற்றால்தான் உரிமம்.

இரண்டு: பணம் கொடுத்தால் இந்த வேலையை வாங்கித் தருவதாக யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அது லஞ்சம், ஹராம். நேர்மையைக் காக்கும் பதவிக்கு லஞ்சத்தின் வழியாகப் போக முடியாது.

மூன்று: மாநில அரசின் பி.சி. முஸ்லிம் சான்றிதழ் மத்திய அரசு வேலைக்குச் செல்லாது. ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லப்பைகள் மத்திய ஓ.பி.சி. பட்டியலில் இருக்கிறார்கள். மத்திய அரசின் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழை முன்கூட்டியே தாலுகா அலுவலகத்தில் வாங்கி வையுங்கள். கடைசி நாளில் ஓடினால் கிடைக்காது.

மர்ஹூம் அப்துல் கலாம் அவர்கள் சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படிக்க இடம் கிடைத்தபோது கையில் பணம் இல்லை. சகோதரி ஜொஹரா தம் தங்க நகையை அடகு வைத்துத் தம்பியைச் சேர்த்தார். நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளுக்காக இதைச் செய்யத் தயங்குவதில்லை. அந்த நகை தரகர் கைக்கோ, அங்கீகாரமற்ற நிலையத்துக்கோ போய்விடக் கூடாது என்பதே எங்கள் கவலை.

ஆகவே பணம் கட்டும் முன் கல்லூரியின் பெயரோடும் கட்டண விவரத்தோடும் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். அங்கீகாரத்தைச் சேர்ந்தே சரிபார்ப்போம். தகுதியுள்ள மாணவ, மாணவியருக்கு வட்டியில்லாக் கடனுக்கான விண்ணப்பமும் தருகிறோம்.

நம் பிள்ளைகள் பயணிகளாக மட்டுமன்றிப் பயணிகளின் உயிரைக் காப்பவர்களாகவும் ஆக அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.