கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்

சில மாதங்களுக்கு முன் எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு மாணவிகளின் பெற்றோரை அழைத்திருந்தார்கள். எச்.பி.வி. தடுப்பூசி முகாமுக்கு முன்னோட்டமாக ஒரு மருத்துவர் பேசினார். அரை மணி நேரப் பேச்சில் யாரும் வாய் திறக்கவில்லை. கூட்டம் முடிந்து மாடிப்படி இறங்கும்போதுதான் கேள்விகள் வந்தன.

“கர்ப்பப்பை ஊசியாமே, நாளைக்குக் குழந்தை தங்குமா?”

“இவ இன்னும் வயசுக்கே வரலை. அதுக்குள்ள எதுக்கு?”

“நம்ம வீட்டுப் பொண்ணுக்கு இதெல்லாம் தேவையாங்க?”

கடைசிக் கேள்வியைக் கேட்ட அம்மாவின் குரல் மிகவும் தணிந்திருந்தது. ஒப்புதல் படிவத்தை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் மறுத்தார் என்று நான் நினைக்கவில்லை. கேட்க நினைத்ததை அத்தனை பேர் நடுவில் கேட்க முடியாமல் போனது, அவ்வளவுதான்.

எதைத் தடுக்கிறது இந்த ஊசி?

எச்.பி.வி. என்பது ஹியூமன் பாப்பிலோமா வைரஸ். இதில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பெரும்பாலானவை உடலுக்குள் வந்த சுவடே தெரியாமல் ஓரிரு ஆண்டுகளில் தாமாகவே போய்விடும். சில வகைகள் மட்டும், குறிப்பாக 16, 18 என்று எண்ணிட்ட இரண்டும், சிலருடைய கர்ப்பப்பை வாயில் தங்கிவிடுகின்றன. அப்படித் தங்கிய கிருமி அங்குள்ள செல்களை மெல்ல மெல்ல மாற்றிப் புற்றுநோயாக்க 15, 20 ஆண்டுகள்கூட ஆகலாம். உலகில் வரும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்கு இந்த இரண்டு வகைகளே காரணம். இந்தத் தொடர்பைக் கண்டறிந்த ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது.

உலகளாவிய புற்றுநோய் மதிப்பீட்டின்படி, 2022இல் இந்தியாவில் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்தது. ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். பலர் நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இருப்பவர்கள், குடும்பத்தைத் தாங்கி நிற்கும் வயதுக்காரர்கள்.

தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது. வைரஸின் மேலுறையைப் போன்ற வெறும் புரதக்கூடு மட்டுமே இருக்கிறது. அதனால் ஊசி மூலம் எச்.பி.வி. தொற்று வர வழியே இல்லை. பலன் உண்டா என்றால், ஸ்காட்லாந்தைப் பார்க்கலாம். அங்கே 12, 13 வயதில் ஊசி போட்டுக்கொண்ட பெண்கள் வளர்ந்து பெரியவர்களான பின் ஆராய்ந்தார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஊடுருவிய நிலையில் காணப்படவில்லை என்று 2024இல் அறிவித்தார்கள்.

“நம்ம வீட்டுப் பொண்ணுக்கு எதுக்கு?”

இந்தக் கிருமி பெரும்பாலும் பாலுறவு வழியாகப் பரவுகிறது. அந்த ஒரு வரி காதில் விழுந்ததும் பல வீடுகளில் பேச்சு நின்றுவிடுகிறது. ஊசி போட்டால் மகளைச் சந்தேகப்படுவதுபோல் ஆகிவிடுமோ, தவறான துணிச்சல் கொடுத்ததுபோல் ஆகிவிடுமோ என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் மருத்துவர்கள் அந்த வரியை விழுங்கிவிட்டு “புற்றுநோய் ஊசி” என்று மட்டும் சொல்லிப் போவது தவறு. பிறகு வேறு யார் வாயிலாகவோ கேள்விப்படும் பெற்றோர், தங்களிடம் மறைத்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

எச்.பி.வி. எங்கும் இருக்கும் கிருமி. திருமண வாழ்க்கைக்குள் நுழையும் பெரும்பாலானோரை ஏதாவதொரு கட்டத்தில் அது தொட்டுவிடுகிறது. கணவரைத் தவிர யாரையும் அறியாத பெண்ணுக்கும் வரும். ஆகவே இதில் ஒழுக்கத்துக்கு வேலையே இல்லை. ஊசி போட்ட பிள்ளைகள் வழிதவறிப் போகிறார்களா என்று பல நாடுகளில் ஆராய்ந்து பார்த்தார்கள். அப்படி எந்த மாற்றமும் தென்படவில்லை.

இன்னொன்றையும் நினைத்துப் பார்க்கலாம். நம் மருத்துவமனைகளில் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி ஊசி போடுகிறார்கள். அந்தக் கிருமியும் ரத்தத்தின் வழியாகவும் பாலுறவு வழியாகவும் பரவுவதுதான். அதுவும் பிற்காலத்தில் கல்லீரல் புற்றுநோய் வராமல் காக்கும் ஊசிதான். பச்சிளம் பிள்ளைக்கு அது எதற்கு என்று எந்த அப்பாவும் கேட்டதில்லை.

“இப்பவே ஏன்?” என்பதற்கும் பதில் இருக்கிறது. ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட கிருமியை இந்த ஊசி விரட்டாது. வருமுன் போட்டால்தான் முழுப் பலன். அதோடு, 9 முதல் 14 வயதில் உடல் உருவாக்கும் எதிர்ப்பாற்றல் பெரியவர்களுடையதைவிட வலுவானது. வயதுக்கு வந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது.

கம்மத்தில் பட்ட காயம்

இந்தியப் பெற்றோரின் தயக்கத்துக்குப் பின்னால் உண்மையான ஒரு சம்பவமும் இருக்கிறது. 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் ஒரு தன்னார்வ அமைப்பு, மாநில அரசுகளோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்கு இந்த ஊசியைப் போட்டது. அவர்களில் ஏழு சிறுமிகள் பின்னர் இறந்துபோனார்கள். 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, பூச்சிமருந்து போன்றவையே அந்த மரணங்களுக்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. ஊசியோடு தொடர்பு இருப்பதாக விசாரணைக் குழு காணவில்லை.

ஆனால் வேறொரு குற்றம் வெளிவந்தது. கம்மத்தில் ஏராளமான ஒப்புதல் படிவங்களில் கையெழுத்திட்டிருந்தவர்கள் பெற்றோர் அல்ல, விடுதிக் காப்பாளர்கள். பழங்குடி வீடுகளிலிருந்து படிக்க வந்த பிள்ளைகளுக்கு என்ன போடப்படுகிறது என்று அவர்களைப் பெற்றவர்களுக்கே தெரியவில்லை. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. ஊசி நல்லதாகவே இருக்கட்டும், பெற்றவளிடம் கேட்காமல் பிள்ளையின் கையில் போட்டது அநீதி. அந்த அநீதி விதைத்த அவநம்பிக்கை இன்றும் வேறு வேறு வடிவங்களில் முளைக்கிறது.

கம்மம் திட்டத்தை நிறுத்திய 2010 தடையால் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. அதே நேரத்தில், பிரான்ஸின் லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இந்தியாவில் தனியாக ஓர் ஆய்வை நடத்திக்கொண்டிருந்தது. இரண்டு டோஸ் போதுமா, மூன்று வேண்டுமா என்பதே அதன் கேள்வி. அதன் மையங்களில் ஒன்று திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கை. 2010 தடையில் அந்த ஆய்வும் சிக்கியது. ஏறத்தாழ 5,000 பெண்கள் ஒரே டோஸோடு நின்றுவிட்டார்கள். ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடாமல் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது, 16, 18 வகைகள் நீடித்துத் தங்குவதை ஒரே டோஸும் 95 சதவீத அளவில் தடுத்திருந்தது. 2022இல் உலக சுகாதார அமைப்பு 9 முதல் 20 வயது வரை ஒரு டோஸே போதுமானதாக இருக்கலாம் என்று அறிவித்தபோது, அந்த முடிவுக்குத் துணைநின்ற சான்றுகளில் நம் ஊர்ப் பெண்களின் உடல்கள் சொன்ன சாட்சியமும் ஒன்று.

வாட்ஸ்அப்பில் வருபவை

2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். வாட்ஸ்அப்பில் பரவிய குரல் பதிவுகளைக் கேட்டுப் பல பெற்றோர் அன்று பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. முகாமை நீட்டிக்க வேண்டியதாயிற்று. ஜப்பானில் நடந்தது இதைவிடப் பெரிது. பக்கவிளைவு பற்றிய செய்திகள் பரவியதும் 2013 ஜூனில் அரசு எச்.பி.வி. ஊசிக்கான பரிந்துரையை நிறுத்திக்கொண்டது. சுமார் 70 சதவீதமாக இருந்த பங்கேற்பு, அடுத்தடுத்து அந்த வயதை எட்டிய சிறுமிகளிடம் ஒரு சதவீதத்துக்கும் கீழே போனது. ஆதாரங்களை மீண்டும் அலசிப் பார்த்து 2022 ஏப்ரலில் பரிந்துரையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இடையில் போன ஒன்பது ஆண்டுகளில் ஊசி கிடைக்காமல் போன பெண்கள் ஏராளம்.

குழந்தைப்பேற்றை இந்த ஊசி பாதிப்பதாக எந்த ஆதாரமும் இல்லை. நோய் வந்தால் அறுவை சிகிச்சையில் கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வருவதுதான் தாய்மையைப் பறிக்கிறது. போட்ட இடத்தில் வலி, லேசான வீக்கம், காய்ச்சல், தலைவலி வரலாம், ஓரிரு நாளில் போய்விடும். பதின்பருவப் பிள்ளைகள் சிலர் ஊசியைக் கண்ட பயத்திலேயே மயங்கி விழுவதுண்டு. ஆகவே சாப்பிடவைத்து அழைத்துப் போங்கள், போட்ட பின் 15 நிமிடம் உட்காரவையுங்கள். முந்தைய ஊசி எதற்காவது கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால் மருத்துவரிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.

எத்தனை டோஸ், எவ்வளவு செலவு?

ஒரு டோஸே போதலாம் என்ற அறிவிப்புக்குப் பின்னும், தனியார் மருத்துவமனைகளில் 15 வயதுக்குள் என்றால் ஆறு மாத இடைவெளியில் இரண்டு டோஸும், அதற்கு மேல் மூன்று டோஸும் போடுவது வழக்கம். செலவுதான் பல வீடுகளுக்குப் பெருந்தடை. புனேயின் சீரம் நிறுவனம் தயாரித்த செர்வாவாக் 2023இல் வந்தபோதே ஒரு டோஸ் சுமார் 2,000 ரூபாய். கூலி வேலைக்குப் போகும் குடும்பத்திடம் அந்தப் பணத்தைக் கேட்டுவிட்டு ‘விழிப்புணர்வு இல்லை’ என்று சொல்வது நியாயமல்ல. இலங்கை 2017லேயே ஆறாம் வகுப்பு மாணவிகளுக்கு இதை அரசுத் திட்டத்தில் சேர்த்துவிட்டது. தமிழக அரசு தன் 2025-26 நிதிநிலை அறிக்கையில், 14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாக இந்த ஊசியைப் போட 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தது. உங்கள் பகுதியில் எப்போது, எங்கே என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

பையன்களுக்கும் இந்த ஊசி உண்டு. தொண்டை, ஆசனவாய்ப் புற்றுநோய்களுக்கும் இதே கிருமி காரணமாகிறது. ஆஸ்திரேலியா 2013 முதல் சிறுவர்களுக்கும் போடுகிறது.

வீட்டில் பேச வேண்டியவர்கள்

அந்தப் பள்ளிக் கூட்டத்துக்கு வந்திருந்த அப்பாக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் பல வீடுகளில் “அவர்கிட்ட கேட்டுச் சொல்றேன்” என்ற இடத்தில்தான் படிவம் நிற்கிறது. 2018இல் சிக்கிம் அரசு பள்ளிகள் வழியாக ஊசி போடும் முன் பெற்றோர்களையும் ஆசிரியர்களையும் பொறுமையாகச் சந்தித்துப் பேசியது. 9 முதல் 14 வயதுச் சிறுமிகளில் 95 சதவீதத்துக்கும் மேல் போட்டுக்கொண்டார்கள். பேசினால் பெற்றோர் கேட்கிறார்கள். ஊசி போட்டுக்கொள்ளப் போகும் பிள்ளையிடமும் அது என்ன என்று சொல்லுங்கள். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குப் புரியும்.

கடைசியாக அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள். மகளுக்கான ஊசி உங்களைக் காக்காது. 30 வயதைக் கடந்த பெண்கள் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்க்கும் எளிய சோதனை இலவசமாகச் செய்யப்படுகிறது. சில நிமிட வேலை. திண்டுக்கல் மாவட்டத்தில் இந்தச் சோதனையை வைத்தே நடந்த ஆய்வில், இந்த நோயால் ஏற்படும் மரணங்கள் 35 சதவீதம் குறைந்தன. மகளை அழைத்துப் போகும் அன்றே, அங்கிருக்கும் செவிலியரிடம் உங்கள் பெயரையும் பதிந்துவிட்டு வாருங்கள்.