ஒளியும் உழைப்பும்: நியோன் கண்ணாடிக் கலை பற்றிய சில குறிப்புகள்

கலைப்பொருளொன்றை நோக்குவோர் அதன் வடிவத்தைப் பற்றியும் கருத்தைப் பற்றியும் பேசுவர். அதனை ஆக்கிய கைகளைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. நியோன் ஒளிக்கலையைப் பொறுத்தவரையில் இம்மறதி இரட்டிப்பானது. குழாயினுள் ஒளி தோன்றியதும் கண்ணாடி கண்ணினின்றும் மறைகின்றது. கண்ணாடி மறையவே அதனை வளைத்த தொழிலாளியும் மறைந்துவிடுகின்றார். இம்மறைவு ஒளியின் இயல்பு மாத்திரந்தானா, அன்றிச் சமூக உறவுகளின் விளைவுமா என்பது ஆராயத்தக்கது.

இக்கலையின் மூலம் ஆய்வுகூடத்தில் உள்ளது. ஜேர்மனியின் பொன் நகரில் கண்ணாடி ஊதும் கைவினைஞராக விளங்கிய ஹைன்றிஷ் கைஸ்லர், 1857இல், அமுக்கம் குறைந்த வாயுவை அடைத்த குழாய்களை மின்னினால் ஒளிரச் செய்தார். பௌதிகவியலாளர் பலரது ஆய்வுகளுக்கு அவை அடிப்படையாயின. அக்குழாய்கள் இன்றும் கைவினைஞரான அவர் பெயராலேயே வழங்குகின்றன. 1898இல் வில்லியம் றாம்சேயும் மொறிஸ் ட்றவேர்ஸும் லண்டனில் நியோனைக் கண்டறிந்தனர். வளியில் மிகச் சிறிதளவே காணப்படும் இவ்வாயு, வளியைத் திரவமாக்கும் கைத்தொழில் வளர்ந்த பின்னரே போதியளவு கிடைக்கலாயிற்று. அத்தொழிலில் ஈடுபட்டிருந்த பிரான்சியரான ஜோர்ஜ் குளோட், 1910 டிசெம்பரில் பாரிஸ் மோட்டார் வாகனக் கண்காட்சியில் நியோன் குழாய்களை ஒளிரச் செய்தார். நீடித்துழைக்கும் மின்வாய்க்கு 1915இல் அமெரிக்காவில் ஆக்கவுரிமையும் பெற்றார். இவ்வாறு ஆய்வுகூட ஒளி வணிக விளம்பரத்தின் பணியாளாயிற்று.

எனினும் உற்பத்தி முறை கைவினையாகவே நின்றது. முதலில் உருவரை முழு அளவில், இடவலம் மாற்றி, வெப்பந் தாங்கும் தாளில் வரையப்படும். தொழிலாளி கண்ணாடிக் குழாயை நீண்ட சுடரடுப்பின் மேல் சுழற்றிச் சுழற்றி இளக்குகின்றார். இளகிய குழாயைத் தாளின் மீது வைத்து வளைப்பதற்குச் சில கணங்களே உண்டு. வளைவு ஒடுங்கிவிடாதிருக்க, குழாயுடன் இணைத்த இறப்பர்க் குழாயொன்றினால் மெல்ல ஊதுதல் வேண்டும். கையும் கண்ணும் மூச்சும் ஒருசேர இயங்கும் இத்திறனைப் பெறப் பல்லாண்டுப் பயிற்சி தேவை.

பின்னர் இருமுனைகளிலும் மின்வாய்கள் பொருத்தப்படும். வலிய மின்னோட்டத்தினால் குழாய் 200 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கப்பட, உள்ளே ஒட்டியிருக்கும் மாசுகள் வெளிப்படும். அவற்றைப் பம்பியினால் அகற்றி, வளிமண்டல அமுக்கத்தின் ஏறத்தாழ நூறிலொரு பங்கு அமுக்கத்தில் வாயுவை நிரப்பிக் குழாயை மூடுவர். இலத்திரன்கள் மோதுவதால் அருட்டப்படும் நியோன் அணுக்கள் செம்மஞ்சள் ஒளியை உமிழும். ஆகனுடன் சிறுதுளி இரசம் சேரின் நீலம் தோன்றும். தீக்காயம், உயர் மின்னழுத்தம், இரச ஆவி ஆகிய அபாயங்கள் இத்தொழிலாளியை என்றும் சூழ்ந்துள்ளன.

1951இல் மிலான் கண்காட்சியில் லூசியோ பொன்ரானா நியோனை வெளியில் வரைந்த கோடாக அமைத்தார். எப்பண்டத்தையும் விற்காத ஒளியாக அது விளங்கியமை குறிப்பிடத்தக்கது. ஆயினும் விளம்பரத்தினின்று ஒளி விடுபட்டமையால் உழைப்பும் விடுபட்டதெனக் கொள்ளலாகாது. கலைஞர் உருவரையை வழங்க, பட்டறைத் தொழிலாளி அதனைக் கண்ணாடியில் ஆக்குவதே பரவலான நடைமுறை. காட்சிக்கூடத்தில் கலைஞரின் பெயர் மாத்திரமே பெரும்பாலும் பொறிக்கப்படுகின்றது. சிந்தனை உழைப்பு, கை உழைப்பு என்னும் பிரிவினை இங்கு வெளிப்படையாகத் தெரிகின்றது. தாமே குழாய் வளைக்கும் கலைஞரும் உளர். அவர்கள் இப்பிரிவினை தவிர்க்கவியலாததன்று என்பதற்குச் சான்றாவர்.

அமெரிக்கரான பில் பாக்கர் 1970களில் உருவாக்கிய பிளாஸ்மாக் கோளங்கள் இம்முரண்பாட்டின் மற்றொரு முகத்தைக் காட்டுகின்றன. அணுக்களினின்று இலத்திரன்கள் பிரிந்த வாயு நிலையே பிளாஸ்மா. நியோன் குழாயில் ஒளிர்வதும் அதுவே. கோளத்திலோ நடுவேயுள்ள ஒரு மின்வாய்க்கு உயர் மீடிறன் மின் வழங்கப்பட, ஒளியிழைகள் கண்ணாடியை நோக்கிக் கிளைக்கின்றன. பார்வையாளர் கை வைத்ததும் இழைகள் அவ்விடத்தை நாடும். பார்ப்பவரின் கை கலைப்பொருளில் பதிவுறுகின்றது. கோளத்தை ஊதியவரின் கையோ தெரிவதில்லை.

இன்று ஒளியுமிழ் இருவாயிகள் விளம்பரப் பலகைகளில் நியோனின் இடத்தைப் பெரிதும் பிடித்துள்ளன. மின்செலவும் உடையும் அபாயமும் குறைந்த இம்மாற்றத்தைப் பழித்துப் பயனில்லை. ஆனால் விளம்பரப் பட்டறைகளே இக்கைத்திறனின் பயிற்சிக்களங்களாகவும் இருந்தன. அவை மூடப்படுமிடத்து, கலைஞர் வரையும் உருவரையைக் கண்ணாடியாக்கும் கைகளும் அருகிவிடும். அருங்காட்சியகம் குழாயைப் பேணலாம். கையிலிருந்து கைக்கு வழங்கப்படும் அறிவைக் கண்ணாடிப் பேழையில் பேணவியலாது. ஆதலின் குழாயை வளைத்தவரின் பெயரையும் கலைஞரின் பெயரோடு பொறிப்பதும், இளந்தலைமுறையினரை ஊதியத்துடன் பயிற்றுவதும் உபசாரமல்ல. இக்கலை நிலைத்தற்கு அவையே நிபந்தனைகளாகும்.