கையெழுத்துக்குக் காத்திருக்கும் லாரிகள்

சாடு நாட்டின் கிழக்கு எல்லையில் ஆத்ரே என்றொரு சிறிய ஊர். அங்கிருந்து சூடானின் அல்-ஜெனீனா நகரம் சுமார் 30 கிலோமீட்டர்தான். சூடானின் மேற்குப் பகுதியான டார்ஃபூரில் பசியால் வாடுகிறவர்களுக்கு உணவு கொண்டுபோக இதைவிடக் குறுக்கு வழி கிடையாது. 2024 பிப்ரவரியில் சூடானின் ராணுவ அரசு அந்த வழியை மூடியது. தன்னோடு போரிடும் துணைப்படைக்கு ஆயுதம் அவ்வழியாகத்தான் போகிறது என்பது அரசு சொன்ன காரணம். வெறும் சாக்கு என்று அதைத் தள்ளிவிட முடியாது; சாடு வழியாக ஆயுதம் வருவதாக எழுந்த புகார்கள் நம்பத்தக்கவை என்று ஐ.நா. நிபுணர் குழுவே அறிக்கை தந்திருந்தது. ஆனால் ஆயுதம் கடத்துகிறவன் எல்லைச் சாவடியில் வரிசையில் நிற்பதில்லை. நின்றவை தானிய லாரிகள்.

சூடானின் ராணுவத் தளபதி அல்-புர்ஹானுக்கும் துணைப்படைத் தலைவர் ஹெமெட்டிக்கும் 2023 ஏப்ரல் 15 அன்று சண்டை மூண்டது. அன்றைக்கே வடக்கு டார்ஃபூரில் உலக உணவுத் திட்ட ஊழியர்கள் மூவர் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர்.

இங்கே ஒரு விசித்திரமான சிக்கல். ஐ.நா. அங்கீகரிப்பது ராணுவ அரசை; எனவே எல்லை தாண்ட அதன் சம்மதம் வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் நிலமோ துணைப்படையின் பிடியில். சாலை கையில் இல்லாதவர் அனுமதி தர வேண்டும், சாலையைப் பிடித்திருப்பவர் தனியாக இன்னொரு அனுமதி கேட்பார். இரு தரப்புக்கும் நிவாரணத்துக்கென்றே தனித்தனி அலுவலகங்கள் உண்டு. சிரியாவில் 2014இல் அரசின் சம்மதம் இல்லாமலே எல்லை தாண்ட ஐ.நா. பாதுகாப்பு சபை தீர்மானம் போட்டது. சூடானுக்கு அப்படியொரு தீர்மானம் வரவில்லை. சூடான் இதை முன்பும் பார்த்திருக்கிறது. 1998இல் பஹர் அல்-கஜல் பகுதிக்கு நிவாரண விமானங்களை அன்றைய அரசு தடுத்தது. அங்கே பஞ்சம் முற்றியதில் அந்தத் தடைக்குப் பெரும் பங்கு உண்டு.

2024 ஆகஸ்ட் தொடக்கத்தில் வடக்கு டார்ஃபூரின் அல்-ஃபாஷர் நகர் அருகே ஜம்ஜம் முகாமில் பஞ்சம் உறுதியானது. அதன் பிறகுதான், அந்த மாத நடுவில், ஆத்ரே வழி திறக்கப்பட்டது. அதுவும் மூன்று மாதத்துக்கு மட்டும் என்று. அதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. காட்டாறுகளில் வெள்ளம் புரள, லாரிகள் சேற்றில் சிக்கின. கோடையில் ஓடியிருக்க வேண்டிய வண்டிகள் அவை.

அனுமதி கிடைத்தால்கூட உயிருக்கு உத்தரவாதம் இல்லை. துணைப்படையின் முற்றுகையில் இருந்த அல்-ஃபாஷருக்குப் புறப்பட்ட 15 லாரிகள் 2025 ஜூனில் அல்-கூமா என்ற இடத்தில் தாக்கப்பட்டன. ஐவர் இறந்தனர். துறைமுக நகரான போர்ட் சூடானிலிருந்து நாட்டின் குறுக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடந்து வந்து, கடைசிக் கட்டத்தில் விழுந்த அடி. இரு தரப்பும் ஒன்றையொன்று கைகாட்டின. அந்த நகரில் அப்போது மக்கள் 'அம்பாஸ்' தின்று கொண்டிருந்தார்கள். கடலை எண்ணெய் ஆட்டியபின் மிஞ்சும், மாட்டுக்குப் போடுகிற புண்ணாக்கு அது.

அப்படியானால் இத்தனை நாளும் சோறு போட்டது யார்? அந்தந்தத் தெரு இளைஞர்கள். 2018–19 புரட்சியில் முன்னின்ற குடியிருப்புக் குழுக்களின் தொடர்ச்சியாக, 'அவசர உதவி அறைகள்' என்ற பெயரில் இவர்கள் திரண்டார்கள். 'தக்கியா' எனப்படும் பொதுச் சமையற்கூடங்கள் பலவும் இவர்கள் நடத்துபவை. நம் ஊர்க் கஞ்சித்தொட்டி மாதிரிதான். வெளிநாட்டிலிருக்கும் சூடானியர் 'பன்கக்' என்ற வங்கிச் செயலி வழியாகப் பணம் அனுப்ப, பக்கத்துச் சந்தையில் பயறும் சோளமும் வாங்கி அடுப்பேற்றுவார்கள். எல்லை தாண்ட வேண்டாம், லாரி வேண்டாம். ஆனால் இணையம் அறுந்தால் பணமும் அறுந்தது. எதிரியின் ஆள் என்று சொல்லி இவர்களை இரு தரப்பும் பிடித்து அடைத்தன, சிலரைக் கொன்றன. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது நூற்றுக்கணக்கான அடுப்புகள் அணைந்தன.

அல்-ஃபாஷர் 2025 அக்டோபர் 26 அன்று துணைப்படையிடம் வீழ்ந்தது. அல்-கூமாவில் தாக்கப்பட்ட லாரிகள் போய்ச் சேர்ந்திருந்தால், ஓராண்டுக்கு மேல் கழித்து அந்த நகருக்குள் நுழைந்த முதல் ஐ.நா. வாகன வரிசையாக அவை இருந்திருக்கும். உதவும் நாடுகள் எல்லைக் கதவுக்காகத் தளபதிகளோடு பேரம் பேசட்டும், அது தேவைதான். அந்தப் பேரம் முடியும்வரை காத்திருக்காமல், அடுப்பு மூட்டுகிற இந்த இளைஞர்களின் கையில் நேராகப் பணத்தைக் கொடுக்க வேண்டும்.