பிரம்மபுரத்துத் தீயும் நம் வீட்டுக் குப்பையும்

எர்ணாகுளத்திலும் மட்டாஞ்சேரியிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுள் 2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்துப் புகையை மறந்தவர் இரார். அம்மாதம் 2-ஆம் தேதி பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் பற்றிய தீ ஏறத்தாழ 12 நாட்கள் அடங்கவில்லை. நகரில் சிறு வகுப்புகளுக்கு விடுமுறை விடப்பட்டது.

அத்தனை நீர் ஊற்றியும் தீ அணையாதது ஏன்? பிளாஸ்டிக் மேலே கூரைபோல் படிந்திருக்க, தீ அடிக் குவியலில் உமித் தணலாய்க் கனன்றது. நீர் அதனை எட்டவில்லை. கடற்படையும் விமானப் படையும் ஹெலிகாப்டர்களில் நீர் கொணர்ந்து சொரிந்தன. ஆயினும் வழி பிறந்தது மண்வாரி இயந்திரங்களால்தான் என்பது எமது கருத்து. அவை குப்பையை அடிவரை கிளறிப் புரட்ட, தீயணைப்புப் படையினர் கடம்பிரயாற்று நீரை அக்குழிகளில் இறைத்தனர். மாநகராட்சி, மாவட்ட நிர்வாகம், காவல்துறை, சுகாதாரத்துறை யாவும் இரவு பகலாய்த் தோள் கொடுத்தன. (தீ மூண்டபின் வந்த இவ்வொற்றுமை முன்னரே வந்திருக்கலாகாதா!) மாநகராட்சி 100 கோடி ரூபாய் செலுத்துமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டதும் அம்மாதத்திலேயே.

அங்கே எரிந்தது நம் வீடுகளிலிருந்தும் சென்ற குப்பையே. மட்குவதைத் தனியே பிரித்து, பிளாஸ்டிக்கைக் கழுவி உலர்த்தி, வாசலுக்கு வரும் ஹரித கர்ம சேனைப் பெண்களிடம் கொடுப்பதில் நமக்கு என்ன சிரமம்?

மட்டாஞ்சேரிச் சந்துகளில் இருப்போருக்கு இன்னுமொன்று. அங்கே தீயணைப்பு வண்டி நுழைவதே அரிது. அதன் குறுக்கே நம் வண்டிகளை நிறுத்தலாகாது. தீயைக் கண்டால் உடனே 101 என்னும் எண்ணை அழையுங்கள். மலையாளம் சரளமாய் வராதே என்று தயங்க வேண்டா. தெருவின் பெயரையும் அருகிலுள்ள கோயிலையோ பள்ளியையோ சொன்னாற் போதும்.