வாயில் தொடங்கும் செரிமானம்

நொறுங்கத் தின்றால் நூறு வயது என்பது தமிழ் வீடுகளில் பேரப்பிள்ளைகளை உண்ண அமர்த்தும்போதெல்லாம் பாட்டிமார் சொல்லிவந்த பழமொழி. நூறு என்பது நெடுவாழ்வைக் குறித்த வாழ்த்து. அதைக் கணக்காகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ‘நொறுங்க’ என்ற சொல்லை அவர்கள் எண்ணியே ஆண்டிருக்கிறார்கள்.

ஒரு சென்டிமீட்டர் பக்க அளவில் கனசதுரமாக நறுக்கிய வெந்த கிழங்குத் துண்டு ஒன்றைக் கருதுவோம். அதன் ஆறு முகங்களின் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மில்லிமீட்டர் துண்டுகளாக்கினால் 1000 துண்டுகள் கிடைக்கும். மொத்தப் பரப்போ 60 சதுர சென்டிமீட்டர் ஆகிவிடும். உணவு கூடவில்லை, செரிமான நீர் தொடும் இடம் பத்து மடங்கு கூடிவிட்டது. வேர்க்கடலையை அரைகுறையாக மென்று விழுங்கினால், அதன் செல் சுவர்களுக்குள் அடைபட்ட கொழுப்பில் ஒரு பகுதி உடலில் சேராமலே கழிந்துவிடும். வயிற்றுக்குள் பற்கள் இல்லை.

பற்கள் நொறுக்க, உமிழ்நீர் குழைக்கிறது. காதுகளுக்கு முன்னும் தாடைக்கு அடியிலும் நாக்கின் கீழும் அமைந்த மூன்று இணைச் சுரப்பிகளே இந்நீரைப் பெரிதும் சுரக்கின்றன. இதிலுள்ள அமைலேசு என்னும் நொதி மாவுச்சத்தின் நீண்ட சங்கிலியை வெட்டி, மால்டோசு என்னும் சர்க்கரையாக்குகிறது. குழம்பு ஊற்றாத வெறுஞ்சோற்றை ஒரு கவளம் வாயிலிட்டு மென்றால் இதை நாவே உணரும். முதலில் சுவையற்றிருக்கும் சோறு, மெல்ல மெல்ல இனிக்கத் தொடங்கும். அந்த இனிப்பு நம் வாயிலேயே அப்போது பிறந்தது!

காக்கைக்கு ஒரு பிடி வைத்துவிட்டு, இறைவனை நினைந்து உண்ண அமர்வது நம் முன்னோர் வழக்கம். அருள்நெறியாகப் போற்றப்பட்ட அந்தச் சிறு இடைவெளி உடலுக்கும் உதவுகிறது. உணவைக் கண்டதும் முகர்ந்ததுமே உமிழ்நீரும் இரைப்பை நீரும் ஊறத் தொடங்குகின்றன. செரிமானத்தை ஆராய்ந்து 1904இல் நோபல் பரிசு பெற்ற இரசிய அறிஞர் பாவ்லவ் இதைத் தெளிவாக நிறுவினார்.

வயிறு நிறைந்தது என்ற செய்தி மூளைக்கு உடனே எட்டிவிடுவதில்லை. சிறுகுடல் சுரக்கும் இயக்குநீர்களும் நரம்புகளும் அதை எடுத்துச் சொல்ல ஏறத்தாழ இருபது நிமிடங்கள் ஆகும். ஐந்து நிமிடத்தில் உண்டு எழுபவர், அச்செய்தி வருமுன்பே அளவைக் கடந்திருப்பார். விரைந்து உண்பவர்களிடையே உடற்பருமன் மிகுந்திருப்பதைச் சப்பானிய ஆய்வுகள் பலவும் கண்டன. திருக்குறளின் 95ஆம் அதிகாரத்திற்கு ‘மருந்து’ என்று பெயர்; ஆனால் அதில் மூலிகைப் பட்டியல் இல்லை, அளவறிந்து உண்ணும் முறையே பெரிதும் பேசப்படுகிறது.

அமெரிக்கரான ஒராசு பிளெட்சர், உணவு நீர்போல் ஆகும்வரை மெல்ல வேண்டும் என்று ஊரெங்கும் பரப்பினார். அவர் வாழ்ந்தது 69 ஆண்டுகள். இத்தனை முறை மெல்ல வேண்டும் என எண்ணிக்கொண்டிருப்பது உண்ணும் இன்பத்தையே கெடுத்துவிடும். நம் பழமொழி எண்ணிக்கை எதையும் விதிக்கவில்லை; அதுவே அதன் சிறப்பு.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். கைபேசியைக் காட்டி, வாய் திறக்கும்போதெல்லாம் சோற்றைத் திணிக்காதீர்கள். குழந்தை தன் கையால் எடுத்து, முகர்ந்து, மென்று, அந்த இனிப்பைத் தானே கண்டறியட்டும்.