வண்டியை விற்றவர் அதன் ரகசிய எண்ணையும் கொடுத்தாரா?

பழைய கார் வாங்குகிறவர் எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார், டயரின் தேய்மானத்தைப் பார்ப்பார், எங்காவது அடிபட்டு டிங்கரிங் நடந்திருக்கிறதா என்று கதவோரங்களைத் தடவுவார். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் சேஸிஸ் எண்ணை வண்டியில் அடித்திருக்கும் எண்ணோடு ஒப்பிடுவார். சித்தூர்–வேலூர் சாலையில் மாநில எல்லையை ஒட்டியிருக்கும் குடிபாலா போன்ற ஊர்க்காரருக்கு இன்னும் கொஞ்சம் அலைச்சல் உண்டு. வேலூரில் பதிவான டிஎன் 23 வண்டியை வாங்கி ஆந்திரப் பதிவுக்கு மாற்ற, படிவம் 28-இல் என்.ஓ.சி., 29-லும் 30-லும் உரிமை மாற்றம், வண்டி மேல் கடன் இருந்தால் படிவம் 35, அதற்குப் பிறகு சாலை வரி. இத்தனை தாள்களில் ஒன்றுகூட இந்த வண்டிக்கு எத்தனை சாவி, சாவி எண் என்ன, அதன் ரகசியக் குறியீடு யாரிடம் இருக்கிறது என்று கேட்பதில்லை. வாங்கியவரும் கேட்பதில்லை. ஒரே சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். அந்த எண்ணும் டயரையும் ஸ்டியரிங்கையும் போல வண்டியின் ஒரு பாகம். விலையில் அதுவும் அடக்கம். கைமாறும்போது கூடவே வர வேண்டும். தொலைந்தால் அதைத் திரும்பக் கேட்டுப் பெறுவது உரிமையாளரின் உரிமை. இதைத்தான் இங்கே வலியுறுத்துகிறேன்.

எண்ணைத் தட்டிக் கார்க் கதவைத் திறக்கும் வசதியை 1980-இல் ஃபோர்டு நிறுவனம் அமெரிக்காவில் தண்டர்பேர்டு, லிங்கன் கார்களில் கொண்டுவந்தது. ஓட்டுநர் கதவில் ஐந்து பட்டன்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள். தொழிற்சாலையிலேயே ஒவ்வொரு வண்டிக்கும் ஐந்திலக்கக் குறியீடு ஒன்றைப் பதித்து, அதை ஒரு சிறு அட்டையில் அச்சிட்டுக் கையேட்டோடு கொடுத்தார்கள். உரிமையாளர் தனக்குப் பிடித்த எண்ணைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கும் முதலில் தொழிற்சாலை எண்ணைத் தட்டியாக வேண்டும். வண்டி இரண்டாம் கை, மூன்றாம் கை என்று போகும்போது அட்டை காணாமல் போய்விடும். நல்ல வேளையாக, அந்த எண்ணை வண்டிக்குள்ளேயே இன்னோர் இடத்திலும் ஒட்டி வைத்திருந்தார்கள். சில மாடல்களில் டிக்கி மூடியின் கீலில், சிலவற்றில் பின்பக்க உள்தகட்டுக்குப் பின்னால் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் மேல். இந்த ஏற்பாட்டின் நியாயம் எளிமையானது. அந்த இடத்தைப் பார்க்க வண்டியை முதலில் சாவியால் திறந்திருக்க வேண்டும். திறக்க முடிந்தவர் பெரும்பாலும் உரிமையாளராகத்தான் இருப்பார். ஐந்து பட்டன், ஐந்து இலக்கம் என்றால் மொத்தம் 3,125 சேர்க்கைகள்தான். யாராவது குருட்டாம்போக்கில் தட்டிக்கொண்டே போனால் ஏழு தவறான முயற்சிக்குப் பின் பட்டன்கள் சற்று நேரம் செயலற்றுவிடும் ஏற்பாடும் செய்தார்கள். திருடனைத் தாமதப்படுத்தவும் வேண்டும், மறந்துபோன உரிமையாளருக்கு வழியும் விட வேண்டும். நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய அந்த வடிவமைப்பில் இரண்டும் இருந்தன.

நம் ஊர்ச் சாலைகளில் அந்தப் பட்டன்களைப் பார்ப்பது அரிது. இங்கே ரகசிய எண் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. முதலாவது, புதுக் கார் வாங்கும்போது சாவிக்கொத்தில் தொங்கும் சின்னத் தகடு. அதில் இருக்கும் எண்ணைக் கொண்டு சாவியின் வெட்டுகளை அப்படியே மறுபடி வெட்ட முடியும். மாருதி, ஹூண்டாய் கையேடுகள் அந்தத் தகட்டைக் கழற்றிப் பத்திரமாக வைக்கச் சொல்கின்றன. இரண்டாவது இன்னும் முக்கியமானது. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் பேட்டரி இல்லாத ஒரு சிப் இருக்கும். சாவியைத் துளையில் நுழைத்ததும் அதைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் சிப்புக்கு மின்சக்தி ஊட்டும்; சிப் பதில் சொல்லும்; பதில் சரியாக இருந்தால்தான் எஞ்சின் கணினி வண்டியை ஓடவிடும். இதைத்தான் இம்மொபிலைசர் என்கிறோம். மாருதியில் ஐகேட்ஸ் என்று பெயர். புதுச் சாவியை அந்தக் கணினிக்கு அறிமுகம் செய்ய ஒரு பின் எண் வேண்டும். அது உரிமையாளரிடம் இருப்பதில்லை, சேஸிஸ் எண்ணை வைத்து நிறுவனத்தின் பதிவேட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். இருந்த ஒரே சாவியும் தொலைந்தால், அந்த எண் கிடைக்கும்வரை நல்ல வண்டியும் நகராத இரும்புதான்.

உரிமையாளரை மறந்துவிட்டு வடிவமைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 1990-களில் ஐரோப்பாவில் ஃபியட் தந்த சிவப்புச் சாவி உதாரணம். புதுச் சாவிகளைப் பதிவுசெய்ய அந்தச் சிவப்புச் சாவி இருந்தாக வேண்டும். அது தொலைந்துவிட்டால் கணினிப் பெட்டியையே மாற்றச் சொன்னார்கள். மூன்றாம் கை வண்டியோடு அந்தச் சாவி வருவது அபூர்வம். ஒரு பிளாஸ்டிக் துண்டு காணாமல் போனதற்காக நன்றாக ஓடும் வண்டியின் மதிப்பில் பெரும்பங்கு போவதை எந்தப் பாதுகாப்பின் பெயராலும் ஏற்க முடியாது.

பதிவேடு நிறுவனத்திடம் இருக்கும்போது கவலை எதற்கு என்று கேட்கலாம். நிறுவனம் என்றும் இருக்கும் என்ற நம்பிக்கையில் எழும் கேள்வி அது. செவர்லே கார்களை விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் 2017 இறுதியில் இந்திய விற்பனையை நிறுத்தியது. குடிபாலாவிலிருந்து சில மணி நேரத் தொலைவில், மறைமலைநகரில் ஐகானையும் ஈகோஸ்போர்ட்டையும் தயாரித்த ஃபோர்டு, உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. அடுத்த ஆண்டு கடைசிக் கார் வெளியே வந்தது. சர்வீஸும் உதிரிபாகமும் தொடரும் என்று இரு நிறுவனங்களும் சொல்லின. சொன்னதைச் செய்தாலும் ஷோரூம்கள் குறைகின்றன, தூரம் கூடுகிறது. கார் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓடக்கூடிய பொருள். அதை ஓட வைக்கும் எண், விற்றவரின் வியாபார முடிவுகளைச் சார்ந்து இருக்கக் கூடாது.

கனமான மறுப்பு ஒன்று உண்டு: குறியீட்டை எளிதில் கிடைக்கச் செய்தால் திருடனுக்கும் கிடைக்கும். இதைத் தட்டிக்கழிக்க முடியாது, ஏனென்றால் இம்மொபிலைசர் உண்மையிலேயே பலன் தந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1998 முதல் புதுக் கார்களில் அதைக் கட்டாயமாக்கியது. நெதர்லாந்தின் தரவுகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள் 1995–2008 காலத்தில் அதனால் கார் திருட்டு சராசரியாக 40 சதவீத அளவுக்குக் குறைந்ததாகக் கணித்தார்கள். அமெரிக்காவில் இம்மொபிலைசர் இல்லாமல் விற்கப்பட்ட கியா, ஹூண்டாய் மாடல்களைச் சிறுவர்கள்கூட எடுத்துச் சென்ற கதை 2021-க்குப் பின் உலகமே அறிந்தது. ஆக, பூட்டு வேண்டும். ஆனால் பூட்டின் பலம் உரிமையாளரை அறியாமையில் வைப்பதால் வருவதில்லை. மெகாமோஸ் என்ற சாவிச் சிப்பின் பலவீனத்தைப் பிரிட்டன், நெதர்லாந்து ஆய்வாளர்கள் கண்டுபிடித்தபோது, அவர்களுடைய கட்டுரை வெளிவராதபடி ஃபோக்ஸ்வாகன் 2013-இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கியது. கட்டுரை இரண்டு ஆண்டு கழித்து 2015-இல் வெளிவந்தது. அந்த இடைவெளியில் சிப்பின் பலவீனம் அப்படியே இருந்தது; வண்டி வைத்திருந்தவர்களுக்கு மட்டும் அது தெரியாது.

உரிமையாளருக்குக் கொடு, திருடனுக்குக் கொடுக்காதே என்பது செய்ய முடியாத காரியமும் இல்லை. அமெரிக்காவில் நாஸ்ட்ஃப் என்ற வாகனச் சேவை அமைப்பு, பின்னணி சரிபார்த்துப் பதிவுசெய்த சாவித் தொழிலாளர்களுக்கு நிறுவனங்களின் சாவி எண்களைப் பெற்றுத் தருகிறது. எண்ணைக் கேட்கும் தொழிலாளர், வாடிக்கையாளரின் அடையாளத்தையும் வண்டி அவருடையதுதான் என்பதையும் சரிபார்த்துப் பதிந்து வைக்க வேண்டும். யார், எப்போது, எந்த வண்டிக்குக் கேட்டார்கள் என்ற தடயம் நிற்கிறது. இங்கே அதற்கான அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. வண்டிப் பதிவு பெரும்பாலும் வாகன் என்ற அரசுத் தரவுத்தளத்தில், ஆர்.சி.யில் பெயர், பெயரோடு கைபேசி எண். பதிவில் உள்ள உரிமையாளருக்கு மட்டும் நிறுவனம் எண்ணைத் தர வேண்டும் என்று விதித்தால், திருடன் முதலில் ஆர்.சி.யைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

பஜாரில் இருக்கும் சாவிக்காரர் ஒரு கருவியைச் செருகிச் சாவி போட்டுத் தருகிறாரே, போதாதா என்பது இன்னொரு கேள்வி. பலருக்கு அவர்தான் கைகொடுக்கிறார், அவருடைய திறமையை மதிக்கிறேன். ஆனால் முறையான எண் கிடைக்காததால் அவர் குறுக்குவழியில் போக வேண்டியிருக்கிறது. கணினியின் நினைவகத்தைக் கழற்றிப் படிக்கும்போது ஏதாவது கெட்டால் நட்டம் வண்டிக்காரருக்கு. சாவிக்காரருக்கும் சட்டப்படியான வழி வேண்டும் என்பதுதான் என் வாதத்தின் மறுபாதி. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு ரூ.2,544.65 கோடி அபராதம் விதித்தது இதையொட்டித்தான்: உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. பாதுகாப்பு, அறிவுசார் சொத்து என்று நிறுவனங்கள் சொன்ன காரணங்களை ஆணையம் ஏற்கவில்லை. மேல்முறையீடுகள் நடந்தன. 2022 டிசம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் திறந்தது. சாவிக் குறியீடும் பழுதுபார்ப்புத் தகவல்தான். அதை அந்த வரிசையில் வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும்.

சட்டம் வரும்வரை, வாங்குகிறவர்கள் கறாராக இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். தாய்ப்பத்திரம் பார்க்காமல் நிலத்துக்கு யாரும் முன்பணம் கொடுப்பதில்லை. வண்டிக்கு அந்த அக்கறை இரண்டாவது சாவியிலும் எண் தகட்டிலும் தொடங்க வேண்டும். வண்டி களவு போய்க் காப்பீட்டுத் தொகை கேட்கும்போது, நிறுவனங்கள் வழக்கமாக அசல் சாவிகள் அனைத்தையும் ஒப்படைக்கச் சொல்கின்றன. வண்டி வந்தபோதே ஒரு சாவிதான் வந்தது என்றால், அதை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதி விற்றவரிடம் கையெழுத்து வாங்கியிருந்தால்தான் பேச முடியும். பேட்டரி கழற்றினால் குறியீடு கேட்கும் ரேடியோ சில பழைய கார்களில் உண்டு. அந்த எண்ணையும் அதே தாளில் வாங்கிக்கொள்ளலாம். 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரிகள் போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. அவர்கள் நிரப்பும் படிவங்களில் சாவி எண்ணிக்கைக்கு ஒரு வரி சேர்ப்பது பெரிய சீர்திருத்தம்கூட இல்லை. வாங்கிய முதல் வாரத்திலேயே, ஒரு சாவியாவது கையில் இருக்கும்போதே, ஷோரூமிலோ நம்பகமான சாவிக்காரரிடமோ இரண்டாவது சாவியைப் பதிவுசெய்து, பழைய சாவிகளின் பதிவை அழிக்கச் சொல்ல வேண்டும். அதன் பிறகு, முன்னாள் உரிமையாளரின் வீட்டு மேசையில் கிடக்கும் பழைய சாவி கதவைத் திறக்கலாம், எஞ்சினை ஓட்டாது.