பழைய காரில் ‘கடகட’ சத்தமா? சஸ்பென்ஷனை வீட்டிலேயே மாற்றலாமா?

தண்டலத்தை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998-ல் வெளிவந்த கார், சான்ட்ரோ. பழைய சான்ட்ரோ வைத்திருக்கும் பலர், செலவை மிச்சப்படுத்த சஸ்பென்ஷனைத் தாங்களே மாற்ற நினைக்கிறார்கள். முடியுமா? முடியும். ஆனா ஒரு நட்டை மட்டும் தொடவே கூடாது.

தேய்ந்துவிட்டது என எப்படித் தெரியும்?

பானட்டின் ஒரு ஓரத்தை அழுத்தி விடுங்கள். வண்டி ரெண்டு, மூணு முறை ஆடினால் ஷாக் அப்சார்பர் பலவீனமாகிவிட்டது. அதில் ஆயில் கசிந்தாலும் மாற்ற வேண்டியதுதான். வேகத்தடையில் ‘கட்... கட்’ எனச் சத்தம் வந்தால் புஷ், லிங்க் ராடு, பால் ஜாயிண்ட்டைப் பாருங்கள்.

எது ஆபத்து?

முன்பக்கம் ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்தே இருக்கும். இதுதான் ஸ்ட்ரட். உள்ளே ஸ்பிரிங் அழுத்தப்பட்ட நிலையிலேயே இருக்கும். அதைப் பிடித்து வைத்திருப்பது மேலே நடுவில் உள்ள நட்டு. ஸ்பிரிங் கம்ப்ரஸர் மாட்டாமல் அதைக் கழற்றினால் ஸ்பிரிங் சீறிப் பாயும். உயிரே போகலாம்.

பிறகு என்ன செய்வது?

நடு நட்டை விட்டுவிட்டு, ஸ்ட்ரட்டை முழுசாகக் கழற்றி ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். அங்கே ஷாக் அப்சார்பரை மாற்றித் தந்ததும் நீங்களே மாட்டலாம். லிங்க் ராடை வீட்டிலேயே மாற்றலாம்.

கவனம்!

* ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். சமதளத்தில் ஸ்டாண்டு அவசியம்.
* ஷாக் அப்சார்பரை இரு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள்.
* ஸ்ட்ரட்டைக் கழற்றி மாட்டினால் வீல் அலைன்மென்ட் கட்டாயம். இல்லாவிட்டால் புது டயரும் சீக்கிரம் தேயும்.